48 நாள் விடுப்பு: கிராமமா, சொந்த வீடா, பக்கத்துக் கடற்கரையா?

அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு 1963 முதல் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலுக்குத் தன்னார்வலர்களை அனுப்பி வருகிறது. (தமிழில் 'அமைதிப் படை' என்று எழுதினால் 1987-இல் இலங்கைக்குப் போன இந்தியப் படை நினைவுக்கு வந்துவிடும் என்பதால் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன்.) பயிற்சியையும் சேர்த்து 27 மாதம் அங்கே இருக்கும் ஒருவருக்கு, பணியில் அமர்ந்த பிறகு மாதத்துக்கு 2 நாள் வீதம் மொத்தம் 48 நாள் விடுப்பு சேர்கிறது; பணியின் முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் பொதுவாக அதைத் தொட முடியாது. பண்டிகை விடுமுறைகள் செனகல் நாட்காட்டியைத்தான் பின்பற்றும் என்பதால், நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் அமெரிக்க நன்றி நவிலல் நாள் அங்கே சாதாரண வேலை நாள். ஆகவே கையிலுள்ள நாட்களைப் பணியாற்றும் கிராமத்திலேயே இருந்து சேமிப்பதா, கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பச் செலவிடுவதா, அருகில் எங்காவது சுற்றிவரப் பயன்படுத்துவதா என்ற கேள்வி எல்லோருக்கும் எழுகிறது.

கிராமத்தில் தங்குவதற்கு விடுப்பில் ஒரு நாள்கூடக் கழியாது என்பது முதல் ஆதாயம். அதைவிடப் பெரிய ஆதாயம் தபாஸ்கி. நாம் பக்ரீத் என்று சொல்லும் பெருநாளுக்கு அங்கே அதுதான் பெயர். அதற்குச் சில வாரம் முன்பிருந்தே தையற்கடைகளில் இரவு முழுவதும் விளக்கெரியும். பேருந்துகளின் கூரையில் செம்மறிக் கிடாக்கள் பயணம் செய்யும். பெருநாள் காலைத் தொழுகை முடிந்து கிடாவை அறுத்ததும், ஈரலைக் கரியடுப்பில் சுட்டு வெங்காயத்தோடு முதலில் பரிமாறுகிறார்கள். கறியில் ஒரு பங்கு அண்டை வீடுகளுக்கும் ஏழைகளுக்கும் போகிறது. மாலையில் புத்தாடை அணிந்த குழந்தைகள் வீடுவீடாக வந்து 'ந்தெவெனல்' என்னும் பெருநாள் காசு கேட்க, பெரியவர்கள் ஒருவரிடம் ஒருவர், சென்ற ஆண்டில் தம்மால் ஏதேனும் குறை நேர்ந்திருந்தால் பொறுத்தருளும்படி வேண்டிக்கொள்கிறார்கள். அரைகுறை வோலோஃப் மொழியோடு ஓராண்டு தடுமாறிய அயலார் ஒருவருக்கு அந்த மன்னிப்புச் சடங்கைப்போல் உதவும் நாள் வேறு இல்லை என்பேன். கிறிஸ்தவர்கள் வாழும் ஊராக இருந்தால், புனித வெள்ளியன்று கம்புமாவு, நிலக்கடலை, பாவோபாப் கனி சேர்த்துச் செய்த 'ங்கலாக்' முஸ்லிம் வீடுகளுக்கும் வந்து சேரும். இதன் குறை ஒன்றுதான்: பெருநாளிலும் நீங்கள் விருந்தினர், எல்லோர் கண்ணும் உங்கள் மேலேயே இருக்கும், ஓய்வு கிடைக்காது.

வீட்டுக்குப் போவது இதற்கு நேர்மாறு. ஓய்வு உண்டு, அம்மா கைச்சாப்பாடு உண்டு. ஆனால் பயணச்செலவு சொந்தக் கையிலிருந்து போகிறது. தென்கிழக்குக் கோடியிலுள்ள கெதுகு போன்ற பகுதியில் இருப்பவர் தலைநகர் டாக்கரின் விமான நிலையத்தைச் சேரவே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தரைவழி கடக்க வேண்டும். அதிலும் 'செத் பிளாஸ்' எனப்படும் ஏழு பேர் அமரும் பழைய கார், ஏழாவது ஆள் வரும்வரை நகராது. இரண்டு வாரம் வீட்டில் இருந்தாலும் வழியில் பல நாள் கரைந்துவிடும். முதலாண்டு கிறிஸ்துமஸுக்கே போவது என் கணக்கில் நட்டம்: மொழி நாவில் படியத் தொடங்கும் நேரத்தில் அதை உதறிவிட்டுப் போய், திரும்பியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் ஆண்டும் நீடிக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் பொறுப்பது நல்லது. அவ்வாறு நீட்டிப்பவர்களுக்கு அமைப்பே பயணச்செலவு ஏற்று, ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது.

அருகில் சுற்றுவதை நான் இரண்டாவதாக வைப்பேன். செனகல் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள சான் லூயி தீவு நகரமும், அதற்கு வடக்கே யுனெஸ்கோ பட்டியலிலுள்ள ஜூஜ் பறவைப் பூங்காவும் நான்கைந்து நாளில் பார்த்துவிடக்கூடியவை. ஐரோப்பியக் குளிருக்குத் தப்பி வரும் பறவைகளும் கூட்டங்கூட்டமான பெலிக்கன்களும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே இருப்பதால், டிசம்பரில் வீட்டு ஏக்கம் கூடும் வேளையும் பறவைகளின் பருவமும் ஒத்துப்போகின்றன. சக தன்னார்வலர்கள் நகரத்தில் கூடி நன்றி நவிலல் விருந்து சமைப்பதும் உண்டு. ஓரிரு நாளுக்கு அது போதும், அதற்கு மேல் நீண்டால் ஆங்கிலம் மட்டுமே மிஞ்சும்.

தபாஸ்கி ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால், பணிக்காலத்தில் குறைந்தது இரண்டு வந்துவிடும். முதலாவதை எக்காரணம் கொண்டும் தவறவிட வேண்டாம். இரண்டாவதற்குப் பிறகு, மழைக்கால உழவுக்குக் குறுக்கே வராத ஒரு மாதத்தைப் பார்த்து, வீட்டுக்குச் சீட்டு எடுக்கலாம். எங்கே போய்வந்தாலும் திரும்பி நுழையும்போது ஊர்க்குழந்தைகள் 'என் சரிச்சே எங்கே?' என்று கேட்பார்கள். சரிச்சே என்றால் பயணத்திலிருந்து கொண்டுவரும் சிறு பரிசு. செலவுக் கணக்கில் அதற்கும் ஒரு பை மிட்டாய் எழுதிக்கொள்ளுங்கள்.