தோழிக்கு ஒட்டுத்துணிப் பை: எந்தத் துணி, எந்த வெட்டு, எந்தக் கைப்பிடி?

என் தோழி பள்ளி ஆசிரியை. திருத்த வேண்டிய நோட்டுக்கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் பேருந்தில் போய்வருபவள். அவளுக்கு நான் தைத்துக் கொடுத்த முதல் பை இரண்டு மாதம்தான் தாங்கியது. கைப்பிடி பிய்ந்து நோட்டெல்லாம் பேருந்து நிலையத்தில் கொட்டிவிட்டது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பையைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அதனால் இந்த முறை அவள் பிறந்தநாளுக்குத் தைக்கும் முன், ஒவ்வொன்றிலும் சின்னதாக மாதிரி தைத்து, இழுத்து, துவைத்துப் பார்த்தேன்.

முதலில் துணி. வீட்டில் மூன்று வகை கிடைத்தது: பழைய சுங்குடிச் சேலை, தாம்பூலத்தில் வந்து குவிந்த ரவிக்கைத் துணிகள், கைத்தறிக் கண்டாங்கியில் ஒரு மீட்டர்.

பழைய சேலையின் மென்மை புதுத் துணியில் வராது. பல வருஷம் துவைத்ததால் இனிச் சுருங்காது, சாயமும் அநேகமாக விடாது. சுங்குடியின் புள்ளிகள் சிறியவை என்பதால் இரண்டு அங்குலப் பட்டையாக வெட்டினாலும் அழகு குலையாது. குறை அதன் வலுவில்தான். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் மெலிந்து சல்லடை போலத் தெரியும் இடத்தை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் இழுக்கும்போது ‘சர்’ரென்று சத்தம் வந்தால் அந்தப் பகுதியும் வேண்டாம். கொசுவமும் மடிப்பும் விழுந்த இடங்கள் பெரும்பாலும் இதில் தேறாது.

ரவிக்கைத் துணியில் நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. டூ பை டூ பருத்தி (நெடுக்கும் குறுக்கும் இரட்டை இழை நூலில் நெய்தது) என்றால் நெசவு நெருக்கமாக இருக்கும், கத்தரியில் சுத்தமாக வெட்டுப்படும். ஆனால் தாம்பூலத்தில் வருவதில் பாதி பாலியெஸ்டர் கலந்தது. ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீயில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகக் கெட்டிப்படும். இரண்டையும் அடுத்தடுத்துத் தைத்தால் துவைத்த பிறகு பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது, தையல் முழுக்கச் சுருக்கம் விழும்.

கண்டாங்கி இந்த மூன்றிலும் கெட்டியானது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே கிடைத்துவிட்டது. கண்டாங்கியின் கட்டம் பெரியது. சின்னச் சதுரமாக வெட்டினால் கட்டமும் தெரியாது, கோடும் தெரியாது. அகலமாக விட்டால்தான் அது கண்டாங்கி. புதுத் துணி எதுவானாலும் தண்ணீரில் ஊறவைத்து, நிறம் இறங்குவது நிற்கும்வரை அலசிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். சிவப்பும் கறுப்பும் பக்கத்தில் இருக்கும் வெளிர்நிறத்தைப் பாழாக்கிவிடும்.

அடுத்தது வெட்டு: சதுரமா, பட்டையா? பையின் ஒரு பக்கத்துக்கு நீளமும் அகலமும் 16½ அங்குலமாகத் துணி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4½ அங்குலச் சதுரம் என்றால் 16 துண்டு, 15 தையல். 2½ அங்குலப் பட்டை என்றால் 8 துண்டு, 7 தையல். இரண்டிலும் தையலுக்குக் கால் அங்குலம்தான் விட்டிருக்கிறேன். சதுரத்தில் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். நூலிழை தப்பினாலும் கண்ணில் உறுத்தும். சேர்ந்துவிட்டால் அதன் அழகே தனி, அதை மறுக்க முடியாது. சுவரில் மாட்டுவதற்கோ குழந்தையின் போர்வைக்கோ என்றால் நான் சதுரத்தைத்தான் எடுப்பேன்.

பைக்குப் பட்டை, அதிலும் நெடுக்குப் பட்டை. பாரம் கீழ்நோக்கி இழுக்கிறது. பட்டை குறுக்கே ஓடினால் அந்த இழுப்பு ஒவ்வொரு தையலையும் பிரிக்கப் பார்க்கும். நெடுக்கே ஓடினால் தையலும் அதே திசையில் இருப்பதால் அவ்வளவு பாதிக்காது. என் முதல் பையில் குறுக்குப் பட்டை, மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே வைத்துத் தைப்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் இதில்தான் பையின் ஆயுள் இருக்கிறது. காலருக்கு வைக்கும் ஒட்டு கேன்வாஸ் இஸ்திரி போட்டவுடன் விறைப்பாக நிற்கும், கடையில் வாங்கியது போலவே இருக்கும். என் மாதிரித் துண்டில் மூன்றாவது துவைப்பிலேயே குமிழ் குமிழாக எழும்பிவிட்டது. ஸ்பாஞ்ச் ஷீட் இலேசானது, ஆனால் மடித்து வைக்க முடியாது. காடாத் துணி, அதாவது வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணி, இந்த இரண்டு தொல்லையும் தராது. விறைப்பு குறைவுதான், பரவாயில்லை. காடாவையும் துவைத்துக் காயவைத்துவிட்டு அடியில் விரித்து, முதல் பட்டையை நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்கள். இரண்டாவதை அதன்மேல் கவிழ்த்து, காடாவோடு சேர்த்து ஓரம் தையுங்கள். அப்புறம் திருப்பி அழுத்தித் தேய்த்துவிட்டு அடுத்த பட்டை. ஒட்டுப்போடுவதும் உள்துணி பிடிப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகின்றன. பாரம் முழுக்கக் காடாவில் இறங்குவதால், வலுக் குறைந்த பழைய சுங்குடிக்கும் வெளியே தைரியமாக இடம் கொடுக்கலாம். இது பிடிபட்ட பிறகுதான் துணியைப் பற்றிய என் குழப்பம் தீர்ந்தது.

கைப்பிடியில் எனக்கு இரண்டு கருத்தே இல்லை. அதே துணியை நாலாக மடித்துத் தைத்தால் பையோடு பொருந்தும், ஆனால் நோட்டுக் கனத்துக்குக் கயிறு போலச் சுருண்டு தோளை அறுக்கும். ஒன்றரை அங்குலப் பருத்தி நாடா சுருளாது. அதை மேல் ஓரத்தில் மட்டும் வைத்துத் தைக்க ஒன்றரை மீட்டர் போதும். நான் அப்படிச் செய்யவில்லை. நாடாவைப் பையின் அடிவரை இறக்கி, அடித்தையலில் சேர்த்துப் பிடித்தேன். இதற்கு மூன்றேகால் மீட்டர் ஆகும். வாய் ஓரத்துக்குச் சற்றுக் கீழே சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாக ஒரு தையல். 18-ஆம் நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல். தடிமனான இடத்தில் மெஷினை மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றித் தைத்தேன். தோளுக்கு மேல் நிற்கும் நீளத்தை, அவள் இப்போது மாட்டும் பையை அளந்து 26 அங்குலம் என்று முடிவு செய்தேன்.

கடைசியில் தைத்தது: நடுவில் அகலமாகக் கண்டாங்கி, இருபுறமும் சுங்குடியும் டூ பை டூவுமாக நெடுக்குப் பட்டைகள், அடியில் காடா. பழைய துணியைப் பரிசாகக் கொடுக்கலாமா என்று அம்மா தயங்கினார். சுங்குடி அம்மாவுடையதுதான். நாங்கள் கல்லூரியில் படித்தபோது அவர் அதைக் கட்டிக்கொண்டு எங்கள் இருவருக்கும் சாப்பாடு கட்டித் தருவார். தோழிக்கு அந்தச் சேலை தெரியும். இதைச் சொன்னதும் அம்மாவே முந்தியிலிருந்து உள்பைக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

வெறும் பையாகக் கொடுக்கக் கூடாது என்பதற்காக அந்த உள்பையில் 11 ரூபாயும் நாலு சிவப்புப் பேனாவும் வைத்திருக்கிறேன்.