மூட்டையை அனுப்புவதா, துண்டை அனுப்புவதா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் சேகரிப்பு நிலையத்துக்கு அன்ட்ரொயிட் செயலி ஒன்று செய்துகொடுத்தேன். வேலை பெரிதில்லை. முதல் திரையில் அன்று நெல் கொண்டுவந்தவர்களின் பட்டியல். பெயரைத் தட்டினால் அடுத்த திரையில் அவருடைய விபரம்: எத்தனை மூட்டை, என்ன இனம், நிறை எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு. இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்த தரவுப் பொதிக்கு, அதாவது ஒப்ஜெக்டுக்கு, ‘நெல்வரவு’ என்று பெயர் வைத்திருந்தேன். அதை அடுத்த திரைக்குக் கொண்டுபோக, ஒரு காலபோக அறுவடை முடிவதற்குள் ஐந்து வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

எண்ணோ எழுத்தோ என்றால் இன்டென்ட்டில் (அடுத்த திரையைத் திறக்கச் சொல்லி அனுப்பும் செய்தி) அப்படியே போட்டு அனுப்பலாம். நாமே உருவாக்கிய ஒப்ஜெக்ட் அப்படிப் போகாது. அடுத்த ஆக்டிவிட்டியை, அதாவது திரையை, திறந்துவிடுவது சிஸ்டம். ஆகவே சாமான் பைண்டர் (செயலியும் சிஸ்டமும் பேசிக்கொள்ளும் பாதை) வழியாகச் சிஸ்டத்திடம் போய்த்தான் நம்மிடம் திரும்பி வரும். அதற்கு முதலில் அதைப் பைட்டுகளாக்கிக் கட்டவேண்டும்.

அப்படிக் கட்டும் வழிகளில் சீரியலைசபிள் ஜாவா மொழியோடு பழைய காலத்திலிருந்தே வருவது. கிளாஸின் தலையில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். ரிஃப்ளெக்‌ஷனால் (ஓடும்போதே கிளாஸின் அமைப்பைத் துருவிப் பார்ப்பது) இயங்குவதால் மெதுவானது என்று எல்லோரும் அதைத் திட்டுவார்கள். பத்துப் பதினைந்து புலங்கள் கொண்ட ஒப்ஜெக்டில் அந்தத் தாமதம் யார் கண்ணிலும் படாது. எனக்கு அதில் பிடிக்காதது வேறு: உள்ளே சீரியலைசபிள் இல்லாத புலம் ஒன்று இருந்தால் கம்பைலர் வாயே திறக்காது, செயலி ஓடும்போதுதான் விழும்.

பார்சலபிள் அன்ட்ரொயிடுக்கென்றே செய்தது, வேகமானது. ஜாவாவில் அதைக் கையால் எழுதினால் எழுதும் வரிசையும் வாசிக்கும் வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும். நான் நிறையை முதலில் எழுதி, ஈரப்பதத்தை முதலில் வாசித்துவிட்டேன். இரண்டும் தசம எண்கள், பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. திரையில் நிறை 14 கிலோ, ஈரப்பதம் 62 வீதம்! 62 வீத ஈரத்தில் நெல்லா? கஞ்சிதான் இருக்கும். இப்போது கொட்லின் மொழியில் பார்சலைஸ் என்ற குறிப்பை மேலே போட்டால் எழுதும், வாசிக்கும் நிரல் முழுவதையும் அதுவே எழுதிக்கொள்கிறது. ஒப்ஜெக்டைத்தான் அனுப்பவேண்டும் என்றால் எனக்கு இந்த வழிதான். அன்ட்ரொயிட் 13இல் இன்டென்ட்டிலிருந்து பார்சலபிளை எடுக்கும் பழைய முறையைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். இன்டென்ட்கொம்பாட் என்ற துணைக் கிளாஸ் வழியாக எடுத்தால் பழைய போன், புதிய போன் இரண்டிலும் சிக்கல் வராது.

ஒப்ஜெக்டை ஜேசன் என்ற எழுத்து வடிவச் சரமாக்கி அனுப்புவதையும் ஒரு மாலை முழுக்கச் செய்துபார்த்தேன். அதுவும் அதே இன்டென்ட்டுக்குள்தான் போகிறது, எல்லையும் அதேதான்.

அந்த எல்லையில்தான் எல்லோரும் இடறுவது. பைண்டரின் இடம் 1 எம்பி அளவுதான். அதுவும் நம்முடைய ஒரு இன்டென்ட்டுக்கு மட்டும் உரியதல்ல. அந்த நேரத்தில் நம் செயலி ஓடும் செயல்முறையில் நடக்கும் எல்லாப் பரிமாற்றங்களுக்கும் பொது. அரசாங்கக் கொள்வனவில் ஈரப்பதத்தைப் பார்ப்பார்கள் என்பதால் அளவில் தகராறு வருவதுண்டு. அதற்காக ஈரமானியின் முகத்தைப் படமெடுத்து வைக்கச் சொன்னார்கள். நான் படத்தையும் நெல்வரவுக்குள்ளேயே திணித்தேன், அடுத்த திரையைத் திறக்கமுன் செயலி விழுந்தது. ஃப்ரக்மென்ட்டுக்கு (ஒரே ஆக்டிவிட்டிக்குள் மாறும் திரைப்பகுதி) மாற்றினேன், திரை திறந்தது. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். ஃப்ரக்மென்ட்டுக்குக் கொடுப்பது உடனே கட்டப்படாது. ஹோம் பட்டனை அழுத்தித் திரையின் நிலையைச் சிஸ்டம் சேமிக்கும்போதுதான் கட்டப்படும். அப்போது விழுந்தது. பிழைப் பட்டியலில் நான் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. அன்ட்ரொயிட் 7க்கு முந்திய போன்கள் இதை லொக்கில் (பதிவேட்டில்) எழுதிவிட்டுச் சும்மா இருந்தன.

சரி, எதையும் கட்டவேண்டாம் என்று ஒப்ஜெக்டை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் (செயல்முறை உயிரோடு உள்ளவரை நினைவகத்தில் நிற்பது) வைத்தேன். என்ன சுகம்! பிரதி இல்லை, எல்லை இல்லை, ஒரு வரியில் வேலை முடிந்தது. இரண்டாம் நாள் காலை அங்கே நிறை போடும் அண்ணை எடுத்தார்.

“தம்பி, படம் எடுத்திட்டு வந்தால் ஆளின்ர பேரைக் காணேல்லை. திரும்பவும் முதல்ல இருந்தோ?”

அவரிடம் இருந்தது 2 ஜிபி ராம் போன். கமரா திறந்ததும் இடம் போதாமல் சிஸ்டம் என் செயலியைக் கொன்றுவிட்டது. திரும்பி வந்தபோது திரையைப் பழையபடி எழுப்பியது, ஸ்டாட்டிக் மாறி வெறுமையாக இருந்தது. இன்டென்ட்டில் இருந்தது இப்படித் தொலையாது, சிஸ்டம் திருப்பிக் கொடுக்கும். என்னுடைய போனில் ஒரு தடவையும் இது நடக்கவில்லை.

அந்த நிலையத்தில் நெல்லைக் களஞ்சியத்தில் இறக்கிவிட்டுத் துண்டோடுதான் காசு வாங்கப் போவார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரும் கவுண்டருக்குப் போவதில்லை. வயல்பக்கம் சிக்னலை நம்பமுடியாது என்று போனுக்குள்ளேயே ‘ரூம்’ என்ற தரவுத்தளம் ஒன்றை முதலே வைத்திருந்தேன். கண்முன்னே களஞ்சியம் இருக்க மூட்டை சுமந்திருக்கிறேன். இப்போது அடுத்த திரைக்குப் போவது வரவு இலக்கம் மட்டும். அந்தத் திரை இலக்கத்தை வைத்து ரூமில் எடுத்துக்கொள்ளும். படம் தனிக் கோப்பாகக் கிடக்கிறது, தரவுத்தளத்தில் அதன் பாதை மட்டும். இன்னொரு தொல்லையும் இதோடு போனது. பார்சலில் போவது பிரதி என்பதால் இரண்டாம் திரையில் நிறையைத் திருத்தினாலும் பட்டியலில் பழைய நிறையே நின்றது. இப்போது இரண்டு திரையும் பார்ப்பது தரவுத்தளத்தின் ஒரே வரியை.

இதிலும் செலவு உண்டு. தரவு வந்து சேரும்வரை திரை ஒரு கணம் வெறுமையாக இருக்கும். அதற்குள் யாராவது அந்த வரவை அழித்திருந்தால் என்ன காட்டுவது என்றும் யோசிக்கவேண்டும். தரவுத்தளமே இல்லாத சின்னச் செயலிக்கு இதற்காக ரூமை இழுத்து வருவது வீண், பார்சலைஸ் போதும். என் செயலியிலும் ஓரிடத்தில் பார்சலபிள் இருக்கிறது: பாதி நிரப்பி இன்னும் பதியாத படிவம். பதியாததற்கு இலக்கம் ஏது?

எந்த வழியில் போனாலும் கமரா கதையை முதலே சோதியுங்கள். டெவலப்பர் அமைப்புகளில் ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே என்றொரு தெரிவு உண்டு, அது இதற்கு உதவாது. ஆக்டிவிட்டி அழியும், செயல்முறை உயிரோடு இருக்கும், ஸ்டாட்டிக் மாறி சிரித்துக்கொண்டு நிற்கும். அதே இடத்தில் பின்னணிச் செயல்முறை எல்லையைப் பூச்சியமாக்கிவிட்டுக் கமராவைத் திறந்து திரும்பி வாருங்கள்.