ரூட்டா, அப்ரூட்டா: ஒரு மியூவான் கோப்பை வைத்துப் பார்ப்போம்

ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்னின் பெரிய மோதுவி எல்எச்சி. அதன் சோதனைகளின் தரவு பெரும்பாலும் ரூட் என்ற மென்பொருளின் கோப்பாகத்தான் கைக்கு வரும். அதை ரூட்டிலேயே திறப்பதா, பைத்தான் மொழியின் அப்ரூட் நூலகம் வைத்துத் திறப்பதா? இதில் ஆளுக்கு ஒரு கட்சி. வேகத்தை வைத்தே சண்டை நடக்கிறது. எனக்கு அதைவிட முக்கியம், நாம் செய்யும் தவறு எதில் சீக்கிரம் தெரிகிறது என்பது.

ரூட், 1995-இல் செர்னில் ரெனே புரூனும் ஃபான்ஸ் ராடமேக்கர்ஸும் தொடங்கியது. கோப்பு, ஹிஸ்டோகிராம், ஃபிட்டிங் (தரவுக்கு ஒரு வளைகோட்டைப் பொருத்துவது), படம் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. அப்ரூட் கோப்பைப் படிக்கும், எழுதும், அவ்வளவுதான். மீதியை மற்ற பைத்தான் நூலகங்கள் பார்த்துக்கொள்ளும்.

எல்எச்சியின் சிஎம்எஸ் சோதனை 2012-இல் பதிவுசெய்து பொதுவில் வைத்திருக்கும் மியூவான் (எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்) கோப்பை எடுத்துக்கொள்வோம். சுமார் 6.15 கோடி நிகழ்வுகள் (ஒரு நிகழ்வு என்பது ஒரு மோதலின் பதிவு), 2 ஜிபி. ஒரு நிகழ்வில் இரண்டு மியூவான், அடுத்ததில் ஐந்து, இன்னொன்றில் ஒன்றே ஒன்று. இந்த மேடுபள்ள வரிசை, பைத்தானின் வழக்கமான எண் நூலகமான நம்பைக்கு ஒத்துவராது. அதற்காகவே இருக்கிறது ஆக்வர்ட் அரே என்ற நூலகம்.

இப்போது எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் 'இரண்டாவது மியூவானின் உந்தம்' என்று கேளுங்கள். ஆக்வர்ட் அரே அந்த இடத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். ரூட்டில் தரவை அலசும் கருவியான ஆர்டேட்டாஃப்ரேமில் சதுர அடைப்புக்குறி போட்டுக் கேட்டால் எல்லை பார்க்காது. நினைவகத்தில் அந்த இடத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடும். ஹிஸ்டோகிராமும் வரும், பார்க்க ஒழுங்காகவும் இருக்கும். இதைவிட ஆபத்து வேறென்ன? (கோப்பை மூடியதும் அதிலிருந்து எடுத்த ஹிஸ்டோகிராமும் சேர்ந்து மறைந்துபோவது தனிக்கதை. ரூட் பழகிய யாருக்கும் அந்த வெற்றுப் படம் நினைவிருக்கும்.)

ஆனால் வேலை பெருத்தால் தராசு சாய்கிறது. கோப்பு 2 ஜிபி என்பது சுருக்கிய கணக்கு. முழுதாக விரித்து, இடையில் நாலைந்து அரேக்களையும் உருவாக்கினால் சின்ன மடிக்கணினி திணறும். அப்ரூட்டில் துண்டு துண்டாகப் படிக்க நாம்தான் எழுத வேண்டும். ஆர்டேட்டாஃப்ரேம் கேட்பதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு ஒரே ஓட்டத்தில் முடிக்கும். செயலியின் எல்லாக் கோர்களையும் இழுத்துவர ஒரு வரி போதும். முறைசார் பிழைகளுக்கு மதிப்புகளை ஏற்றி இறக்கிப் பார்க்கவும் தனி வசதி உண்டு. நூற்றுக்கணக்கான கோப்புகள் என்றால் நான் யோசிக்காமல் ரூட்டுக்குப் போவேன்.

ஃபிட்டிங்கில் பெரிய சண்டை இல்லை. பைத்தான்காரர்களின் ஃபிட்டிங் நூலகமான ஐமினுயிட்டுக்குள்ளும் ஓடுவது ரூட்டில் இருக்கும் அதே மினுயிட் நிரல்தான்.

தவிர்க்க வேண்டியது மூன்றாவது வழி: பைரூட்டில் (ரூட்டைப் பைத்தானிலிருந்து அழைக்கும் வழி) ஒவ்வொரு நிகழ்வாகப் பைத்தான் லூப் போட்டு ஓட்டுவது. இதில் ரூட்டின் வேகமும் இல்லை, அப்ரூட்டின் சுருக்கமும் இல்லை.

சரி, நான் என்ன செய்கிறேன்? தேர்வு நிபந்தனைகளை அப்ரூட்டில் எழுதிப் பார்க்கிறேன், அப்புறம் ஆர்டேட்டாஃப்ரேமுக்கு மாற்றுகிறேன். இரண்டிலும் முதல் 1 லட்சம் நிகழ்வுகளை ஓட்டி, தேறியவை எத்தனை என்று ஒப்பிடுவேன். (ஆர்டேட்டாஃப்ரேமில் இப்படி வெட்ட, பல கோர் வசதியை அணைக்க வேண்டும்.) ஒருமுறை எண்ணிக்கை ஒத்துவரவே இல்லை. அரை நாள் ரூட்டைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், இரு மியூவான்களின் மின்னூட்டம் எதிரெதிராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அப்ரூட் பக்கம் எழுதவே இல்லை.