கவர் லெட்டருக்கு கூகுள் டாக்ஸ்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

வேலை விண்ணப்பத்தோடு இணைக்கும் கவர் லெட்டர் எழுதக் காசு கொடுத்து எந்தச் செயலியும் வாங்க வேண்டாம். ஜிமெயில் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கும் கூகுள் டாக்ஸே போதும். ஆனால் திறந்ததும் கண்ணில் படும் டெம்ப்ளேட் கேலரியை நம்பி இறங்காதீர்கள். ஸ்பியர்மின்ட், மாடர்ன் ரைட்டர் போன்ற கடித டெம்ப்ளேட்கள் பார்க்க அழகுதான். உள்ளே 'லோரம் இப்சம்' என்று நிரப்பு வரிகள் கிடக்கும். ஒரு வரியை அழிக்க மறந்தாலும் அது அப்படியே எச்ஆர் மேசைக்குப் போய்விடும். வெற்றுப் பக்கத்தில் தொடங்குவது நல்லது: 11 பாயின்ட் ஏரியல், பேஜ் செட்டப்பில் ஏ4.

டாக்ஸின் உண்மையான பலம் நகல் எடுப்பதில் இருக்கிறது. ஒரு மூலக் கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு, மாற வேண்டிய இடங்களில் ##நிறுவனம்##, ##பதவி## என்று குறியிடுங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஃபைல் மெனுவில் 'மேக் எ காப்பி', பிறகு கன்ட்ரோல்+எச் அழுத்தி, குறியிட்ட சொற்களைத் தேடி மாற்றுங்கள். முடித்ததும் ## என்று தேடினால், விட்டுப்போன இடம் உடனே அகப்படும். போன வாரம் அனுப்பிய கடிதத்தையே திருத்தி அனுப்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஓரிடத்தில் நிறுவனத்தின் முழுப் பெயர், இன்னோரிடத்தில் சுருக்கப் பெயர் என்று இருந்தால் தேடல் ஒன்றை மட்டுமே பிடிக்கும். பழைய நிறுவனத்தின் பெயரோடு வரும் கடிதத்தை யாரும் இரண்டாம் பத்திவரை படிப்பதில்லை.

பெயரை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. நேரம் செலவழிக்க வேண்டியது நடுப்பத்தியில். விளம்பரத்தில் கேட்டிருக்கும் தகுதிகளை நகலின் தலைப்பகுதியில் ஒட்டி, உங்களிடம் சான்று இருக்கும் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்காளர் வேலை என்று வைத்துக்கொள்வோம். 'ஜிஎஸ்டி அனுபவம் உண்டு' என்பதை எல்லாரும் எழுதுவார்கள். '18 கிளையன்ட்களுக்கு மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 ஐ 11-ஆம் தேதிக்குள், 3பி ஐ 20-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்கிறேன்' (இரண்டும் ஜிஎஸ்டி கணக்குப் படிவங்கள்) என்றால் வேலை தெரிந்தவர் என்பது ஒரே வரியில் விளங்கிவிடும். விளம்பரத்தில் 'டேலி பிரைம்' என்று இருந்தால் அதே சொல்லையே எழுதுங்கள். வெறுமனே 'அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்' என்று போட்டால், சொல்லைத் தேடிப் பிரிக்கும் மென்பொருளுக்கு அது புரியாமல் போகலாம். எண் உண்மையாக இருக்கட்டும், நேர்காணலில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஒட்டிய விளம்பர வரிகளை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

முதல் பத்திக்குப் பதவியும் விளம்பர எண்ணும் போதும். கடைசிப் பத்தியில் நோட்டீஸ் பீரியட், எந்த ஊரில் சேர முடியும் என்பது. மொத்தம் 250 முதல் 300 சொற்கள். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி அழுத்தினால் எண்ணிக்கை தெரியும். 'ரெஸ்பெக்டெட் சார்', 'டூ தி நீட்ஃபுல்' இரண்டையும் எடுத்துவிடுங்கள், அவை விடுப்புக் கடித வாசனை.

கூகுளின் ஏஐ உதவியாளரான ஜெமினியிடம் எழுதச் சொன்னால் இலக்கணம் சுத்தமாக வரும். ஆனால் ரெஸ்யூமேயில் இல்லாத அனுபவத்தையும் அது சேர்த்துவிடக்கூடும். நீங்கள் எழுதியதைத் திருத்த மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பு.

அனுப்பும்போது இரண்டு சறுக்கல்கள். லிங்க்கை அனுப்பினால், பகிர்வு அனுமதி தராதவரை திறப்பவருக்கு 'அனுமதி கேளுங்கள்' என்றுதான் வரும். எப்போதும் பிடிஎஃப் ஆக இறக்கி இணையுங்கள். நகலின் தலைப்பு 'காப்பி ஆஃப்' என்று தொடங்கும், மாற்றாவிட்டால் பிடிஎஃப் பெயரும் அதுவே. உங்கள் பெயர், பதவி என்று வையுங்கள். மின்னஞ்சல் உடலிலேயே கடிதத்தைப் போடுவதானால் முகவரிப் பகுதியை விட்டுவிட்டு, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி மூலம் ஒட்டினால் எழுத்துரு குழம்பாது.

ஒவ்வொரு நகலோடும் அந்த விளம்பரத்தையும் ஒரே ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். தேதி முடிந்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது என்ன கேட்டிருந்தார்கள் என்று பார்க்க வேறு வழி இருக்காது.