சிப்பாங்–லண்டன்: ரம்ப் கோடா, பெருவட்டமா?

மலேசியாவின் சிப்பாங்கிலிருந்து (கோலாலம்பூர் விமான நிலையம் உள்ள இடம்) லண்டனுக்கு, உண்மை வடக்கிலிருந்து (புவியின் வட முனையை நோக்கிய திசை) வலச்சுற்றாக 299 பாகையை மாற்றாமல் பிடித்துப் பறந்தால் அது ரம்ப் கோடு. சுமார் 11,050 கி.மீ. மெர்கேட்டர் வரைபடத்தில் (அட்ச, தீர்க்கரேகைகள் நேர்கோடுகளாக வரும் உலகப்படம்) நேராகத் தெரிவது இதுதான்; இதுவே மிகக் குறுகிய வழி என்று ஏமாந்துவிட வேண்டாம்.

பெருவட்டம், அதாவது கோளத்தின் மேல் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, படத்தில் வில்லாக வளையும், ஆனால் சுமார் 450 கி.மீ. குறைவு. கோளப்பரப்பில் பக்கவாட்டில் திரும்பாத கோடு இதுவே. சிக்கல், திசை எண் மாறிக்கொண்டே இருக்கும்: தொடக்கத்தில் 322, முடிவில் 259. 322ஐயே பிடித்திருந்தால் லண்டனின் அட்சரேகையை ரஷ்யாவின் ஓரன்பர்க் பக்கம் தொடுவீர்கள். அதனால் பாதையைத் துண்டுகளாக்கி, துண்டுக்கொரு திசை வைக்க வேண்டும்.

பினாங்கு–சென்னைக்கு இந்தத் தலைவலி தேவையில்லை. தூரமும் குறைவு, நிலநடுக்கோடும் பக்கம். இரு வழிகளுக்கும் வித்தியாசம் 2 கி.மீ. கூட வராது.