வெர்னியர் வாங்கும்போது ஐம்பதாவது கோட்டைப் பாருங்கள்

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு போலி வெர்னியரை (நகரும் ஸ்கேல் வைத்து நீளம், விட்டம் அளக்கும் கருவி) நம்பி 240 ஸ்பேசரை (இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளிக்கு வைப்பது) கெடுத்துவிட்டேன். இன்னொருத்தர் மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய வெர்னியரில் பொருளைப் பிடிக்கும் தாடை தேய்ந்துபோனதால் டவுனில் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனேன். பேர்பெற்ற ஜப்பான் கம்பெனியின் பெயர் பொறித்த 150 மி.மீ. வெர்னியரை 1,100 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். "பில் போட்டா 18 பர்சென்ட் கூட வருங்ணா, எதுக்கு?" என்றார் கடைக்காரர். சந்தேகம் வரக்கூடாதென்று ஒரு 6205 பேரிங்கை எடுத்து என் கண்முன்னாலேயே அளந்தார். வெளிவிட்டம் 52, உள்விட்டம் 25, கோடு சுத்தமாக ஒட்டியது. நம்பி வாங்கினேன்.

வந்த ஜாப், எஸ்எஸ் 304-ல் (ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 40 மி.மீ. விட்டம், 24.80 நீளம், கூடக்குறைய 0.05. அதற்கு 0.02 மி.மீ. வரை அளக்கும் வெர்னியர் போதும் என்று, இன்னும் நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரை எடுக்கவே இல்லை. நானும் தம்பி ஒருவனும் நான்கு நாள் ஓட்டினோம். ஒவ்வொரு பீஸும் 24.80 காட்டியது. பார்ட்டியின் க்யூசியில் (தரப் பரிசோதனையில்) மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் 24.72! நீளம் கூடியிருந்தால் இன்னொரு கட் எடுத்துத் தப்பியிருப்போம். குறைந்துபோனதை என்ன செய்வது? அத்தனையும் ரிஜெக்ட். மெட்டீரியல் காசு மட்டும் 15,000 சொச்சம் பிடித்துக்கொண்டார்கள்.

பட்டறைக்கு வந்து தாடையை மூடி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் பூஜ்யத்தோடு சரியாக நிற்கிறது. நகரும் ஸ்கேலின் கடைசிக் கோடு, அதாவது ஐம்பதாவது கோடு மட்டும் மெயின் ஸ்கேலின் 49-ஐத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே நிற்கிறது.

1631-ல் பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட கணக்கு இது. நம் கையில் இருக்கும் கருவியின் நகரும் ஸ்கேலில் 49 மி.மீ. நீளத்தை 50 பங்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு பங்கு 0.98. மெயின் ஸ்கேலின் 1 மி.மீ.க்கும் அதற்கும் உள்ள 0.02 வித்தியாசம்தான் பள்ளியில் படித்த மீச்சிற்றளவு. என்னிடம் இருந்ததில் 50 பங்கும் சேர்ந்து 49.10-க்கு நீண்டிருந்தது. அப்படியானால் வித்தியாசம் 0.018 ஆகிவிடும். நாற்பதாவது கோடு ஒட்டும்போது நாம் 0.80 என்று படிப்போம், உண்மையில் 0.72தான் இருக்கும். முழு மில்லிமீட்டரில் பூஜ்யக் கோடே ஒட்டிவிடுவதால் அங்கே தப்பு தெரியாது. 52-ம் 25-ம் சரியாகக் காட்டியதன் ரகசியம் இதுதான். பேரிங்கை வைத்துக் காட்டினால் நம்பாதீர்கள். 24.80 மாதிரி பின்னம் வரும்படி ஸ்லிப் கேஜ் (அளவு துல்லியமாகச் செய்த எஃகுக் கட்டைகள்) சேர்த்து வைத்து அளந்து பாருங்கள். அது இல்லையென்றால் தாடையை மூடி, பூஜ்யம் பூஜ்யத்தோடும் கடைசிக் கோடு 49-ஓடும் ஒரே நேரத்தில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பெட்டியில் இருக்கும் சர்டிபிகேட்டின் சீரியல் நம்பரையும் கருவியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். எனக்கு வந்தது ஒரு ஜெராக்ஸ், நம்பரும் வேறு. அதை வாங்கும் அன்றே பார்க்காதது என் தப்பு.

திருப்பிக் கொண்டுபோனேன். "கீழ போட்டுட்டு வந்து பேசறீங்களாண்ணா?" என்றார். கீழே போட்டால் தாடை வளையும், பூஜ்யம் தள்ளிப்போகும். பொறித்த கோடு எப்படி நீளும்? கேட்டதற்குப் பதிலில்லை. பில் இல்லாததால் மேற்கொண்டு என்னாலும் பேச முடியவில்லை.

அப்போது ஐடிஐ படிக்கும் பையன்கள் இருவர் அதே பெட்டியைத்தான் கையில் வைத்து விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலிருந்து அதை வாங்கி, தாடையை மூடி, கடைசிக் கோட்டைக் காட்டினேன். அதுவும் 49-ஐத் தாண்டித்தான் நின்றது. பையன்கள் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு என்னோடு வெளியே வந்துவிட்டார்கள்.