எச்எம்டி ஜனதா: பழசு வாங்கலாமா?

மணி துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்எம்டியின் பழைய ஜனதா வாட்சை வாங்குவதாக இருந்தால் வேண்டாம். பேட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது, மாதத்துக்கு 15 நொடி தப்பினாலே பெரிய விஷயம். ஜனதா சாவி கொடுத்து ஓட்டுவது, மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்துதான், ஒழுங்காக சர்வீஸ் செய்த பழைய வாட்சே ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போகும். மழையிலும் நனைக்கக் கூடாது. புத்தி சொல்வதை மட்டும் கேட்டால், ஓசூரில் செய்யும் டைட்டன் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

ஆனாலும் நான் தினமும் கட்டுவது ஜனதாதான். அப்பா சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது கட்டியது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1961இல் பெங்களூரில் ஆரம்பித்த எச்எம்டி வாட்ச், எங்கள் பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் அந்தத் தலைமுறை ஆட்களின் கையில் சர்வசாதாரணம். காலையில் சாவி கொடுக்கும்போது விரலுக்கடியில் கிர் கிர்ரென்று பல் நகரும், போகப் போக ஸ்பிரிங் இறுகும், ஒரு இடத்தில் இதற்கு மேல் வேண்டாம் என்று தானாக நிற்கும். அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

சிக்கலே கடையில் பழசாக வாங்கும் இரண்டாவது வாட்சில்தான். அப்பா வாட்ச் மேல் இருக்கும் பாசத்தை, யாரோ கட்டிக் கழற்றிய வாட்ச் மேலும் ஏற்றிவிட்டு, பாரிமுனையில் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த இடத்தில் பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு லென்ஸை எடுங்கள். டயல் புத்தம்புதுசாக மின்னுகிறதா, முதலில் சந்தேகப்படுங்கள். பல டயல்கள் பின்னால் பெயின்ட் அடித்தவை, கண்ணைப் பறிக்கும் நீலம், ஆரஞ்சு என்றால் இன்னும் ஜாக்கிரதை. எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், சுற்றியுள்ள நிமிடக் கோடுகள் மணிக்குறியோடு நேராக நிற்காது. பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் கண்டவர் கையும் பட்டிருக்கிறது என்று அர்த்தம். திறக்க மாட்டேன் என்றால் அடுத்த கடை இருக்கிறது. கொஞ்சம் மஞ்சளடித்த, ஆனால் அசல் டயல் உள்ள வாட்சுக்கு இருநூறு முந்நூறு கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

சரி, வாங்கியாச்சு. எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது, ஆகவே உதிரிபாகம் பெரும்பாலும் ஓடாத இன்னொரு வாட்சிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு ஆள் முக்கியம். பழைய வண்ணாரப்பேட்டையில் நான் கொடுக்கும் பெரியவர், வாட்சை வாங்கியதும் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மூடியைக் கழற்றுவார், "டயலை மட்டும் மாத்திடாதப்பா" என்பார். இப்படி ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் வாங்கப் போங்கள்.